காதுகுத்து சிடிக்குப் போட்ட பூட்டு

கதிர்,

போன வாரம் பெங்களூரிலிருந்து போன் பண்ணியபோது நீ கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்தான். "அப்பா, ரிசப்ஷன்ல மேடைக்குப் பக்கத்துல பெரிய ஸ்க்ரீன் வைக்கிறாங்களாம். நான் குட்டியா இருந்தப்ப நீங்க எடுத்த வீடியோ எல்லாம் சிடில இருக்குல்ல? அதை ஒரு பென் டிரைவ்ல போட்டு அனுப்பிடுங்க. காதுகுத்து கண்டிப்பா வேணும், சரண்யா பார்த்தே ஆகணும்ங்கிறா" என்றாய். நானும் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு "சரிப்பா"வுக்குப் பிறகு நான் பட்ட பாட்டை உன் கல்யாணத்துக்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போனில் ஆரம்பித்தால் பாதியில் "அப்பா, மீட்டிங் இருக்கு" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலேயே இதைப் போடுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். உன் மாமாவும் படிப்பான். படிக்கட்டும். தொழிற்சாலையில் என்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்கிப் போனவர்கள் மேல் எனக்குப் பொறாமை வந்ததில்லை. நம் தெருவிலேயே மாடி மேல் மாடி கட்டினவர்கள் மேலும் வந்ததில்லை. என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு ஆளைப் பார்த்துத்தான் வயிறு எரிந்திருக்கிறேன். அது உன் அம்மாவின் தம்பி, தொட்டியத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிற உன் மாமா குணசேகரன். அந்த எரிச்சலுக்கு மரியாதையான வேறு பெயர் எதையும் நான் தேடப்போவதில்லை. பொறாமைதான்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பிள்ளை பெறுவது நாம், பெயர் வைப்பது நாம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது நாம். ஆனால் மொட்டை அடித்துக் காது குத்துகிற அன்றைக்குப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அப்பனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. சமயபுரத்தில் உனக்குக் காது குத்தியபோது, தட்டில் தோடும் புதுத்துணியும் பூவன் பழத்தாரும் வைத்துக்கொண்டு, பட்டு வேட்டி சரசரக்க உன் மாமா வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உன்னை என் கையிலிருந்துதான் வாங்கினான். "குடுங்க மச்சான்" என்று அவன் கையை நீட்டியபோது நீயும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவனிடம் தாவினாய் பார், அதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சுள்ளென்று இருக்கிறது. கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கலாம் இல்லையா நீ?

அன்றைக்கு என் கை சும்மா இருக்க வேண்டாமென்று நான் ஒரு வீடியோ கேமரா வாங்கியிருந்தேன். என்னோடு ஷிப்டில் இருந்த ஒருவரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அப்போதெல்லாம் அது நம் சொந்தத்தில் யாரிடமும் இல்லை. எல்லோரும் தாய்மாமனைப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், கேமரா வைத்திருக்கிறவனையும் நாலு பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. கேமரா வந்தவுடன் எல்லோரும் தலையைக் கோதிக்கொண்டு கேமராவைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்பது யாருக்கும் நினைவில்லை. ஆசாரி ஊசியை எடுத்ததும் நீ வீறிட்டு அழ ஆரம்பித்தாய். நான், "கதிரு, இங்க பாரு! அப்பாவப் பாரு! இங்க பாருடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ திரும்பவே இல்லை. மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாய். அதையும் நான்தான் படம் பிடித்தேன்.

அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான் ஆயிற்று. திருவானைக்காவலில் நம் வீட்டு வாசலில் உன் மாமாவின் புல்லட் சத்தம் கேட்டால் போதும், நீ சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாய். நான் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்தால், "அப்பா வந்தாச்சும்மா" என்று உள்ளே பார்த்து ஒரு தகவல் சொல்லுவாய், அவ்வளவுதான். ஒரு தடவை எல்லோரும் முக்கொம்புக்குப் போயிருந்தோம், உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். உன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உன்னைத் தோளில் தூக்கி வைத்துத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தான். நீ சிரித்த சிரிப்பு பாலம் வரைக்கும் கேட்டது. நடுவில் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்களும் வாங்கப்பா" என்று கூப்பிட்டாய். நான் கரையில் நின்றுகொண்டு, "கேமரா நனைஞ்சிடும்டா, நீ வெளையாடு" என்றேன். கேமராவை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம். அவளுக்கு அதைப் பிடிக்கத் தெரியாது, ஆட்டிவிடுவாள் என்று நினைத்தேன். நல்ல தெளிவான படமாக வந்தது அது. உன் மாமாவின் மீசையில் நின்ற தண்ணீர்ச் சொட்டுகூடத் தெரிந்தது.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். ஒரு தை மாதம் தொட்டியத்தில் அவன் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். காதுகுத்து போட்டோ. அவன் மடியில் நீ, மொட்டைத் தலையில் சந்தனம். மண்டிக்கு வந்த வியாபாரி ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "உங்க பையனாண்ணே?" என்று கேட்டார். உன் மாமா சிரித்தான். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சும்மா சிரித்துவிட்டு, "காபி சாப்பிடுங்க" என்றான். நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கதிர். பையனின் அப்பன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காபி எனக்கு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எடுத்த டேப்பையெல்லாம் நான் ஒவ்வொன்றாக சிடியில் ஏற்றினேன். டிவிடி என்பதுதான் சரியான பெயர், ஆனால் நம் வீட்டில் வட்டமாகப் பளபளப்பது எல்லாமே சிடிதான். உன் மாமாவுக்குச் சேதி போய்விட்டது. அடுத்த தடவை வந்தபோது, "மச்சான், எனக்கும் ஒரு செட்டு போட்டுக் குடுங்க. வீட்ல பிள்ளைங்க பாக்கும்" என்றான். எனக்கு உடனே அந்த வியாபாரியின் முகம்தான் ஞாபகம் வந்தது. போட்டோவுக்கே அப்படியென்றால் படம் ஓடினால் தொட்டியமே கூடி உட்கார்ந்து பார்க்கும், நீ அவன் பிள்ளை என்றே பட்டா போட்டுவிடுவார்கள். "காப்பி எடுத்தா குவாலிட்டி போயிடும் மாப்ளே. எப்ப வேணும்னாலும் இங்க வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. நான் வேலைக்குப் போயிருக்கும்போது உன் அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டால்? தம்பி கேட்டால் அவள் கழுத்துச் சங்கிலியையே கழற்றிக் கொடுப்பாள், சிடி எம்மாத்திரம்.

அதனால் பூட்டுப் போட்டேன். தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரைப் பிடித்து, காப்பி எடுக்க முடியாதபடி சிடியைத் தயார் செய்கிற ஒரு மென்பொருளை வாங்கி வந்தேன். பல நாள் உட்கார்ந்து படித்து, எல்லா சிடிக்கும் அதைப் போட்டேன். அதோடு விட்டேனா? படம் ஆரம்பிக்கும் முன்னால் சிவப்பு எழுத்தில், "எச்சரிக்கை: இதைப் பிரதி எடுப்பது சட்டப்படி குற்றம்" என்று ஓட விட்டேன். பிறகு நானே திருடன் மாதிரி என் சிடியைக் காப்பி எடுக்க முயன்று பார்த்தேன். முடியாது என்று கம்ப்யூட்டர் சொன்னது. அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை என்ன சொல்வது, வீட்டுக் கடனை அடைத்த அன்றைக்குக்கூட அப்படி இருந்ததில்லை. அந்தப் பூட்டினால் சில பிளேயர்களில் படம் நின்று நின்று ஓடியது. நம் வீட்டில் ஓடினால் போதும் என்று இருந்துவிட்டேன். டேப்புகளில் பூஞ்சை பிடித்திருந்தது, சிடி காலத்துக்கும் இருக்கும் என்று அவற்றைத் தூக்கிப் போட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு எல்லோரும் நம் வீட்டில் கூடியபோது காதுகுத்து சிடியை டிவியில் போட்டுக் காட்டினேன். நீ அப்போது ஒன்றாவதோ இரண்டாவதோ படித்துக்கொண்டிருந்தாய். சிவப்பு எழுத்து ஓடியதும் உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன மச்சான், மொட்டை அடிச்சதுக்கெல்லாமா போலீஸ் வரும்?" என்றான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இதை யாரும் காப்பி எடுக்க முடியாது மாப்ளே. நான் நெனச்சாலும் முடியாது" என்றேன். அவன் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. "சரிங்க மச்சான்" என்று மட்டும் சொன்னான். எனக்கு அந்தப் பொங்கல் இனித்தது.

இப்போது உன் போனுக்கு வருகிறேன். நீ கேட்ட மறுநாள் பீரோவைத் திறந்து சிடிகளை எடுத்தேன். புதிது போல உறைக்குள் இருந்தன. வீட்டில் இப்போது பிளேயரும் இல்லை, அந்தக் கம்ப்யூட்டரும் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய கேசட், சிடியெல்லாம் பென் டிரைவில் ஏற்றித் தருகிற கடை ஒன்று இருக்கிறது என்றார்கள். போனேன். கவுண்டரில் ஒரு அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சிடியைக் கொடுத்து, "இதுல லாக் இருக்குங்க, காப்பி பண்றது கஷ்டம்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் இடது கையால் அதை உள்ளே தள்ளிவிட்டு, சாதத்தைப் பிசைந்தபடியே எதையோ தட்டினார். "லாக்கா? அது தொறந்துடுச்சு சார். ஆனா உள்ள ஒண்ணும் வரலியே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சிடியை வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"வீட்ல எழுதுன சிடி எல்லாம் இப்படித்தான் சார் ஆவுது. மேல இருக்கற பூச்சு போயிடுச்சு. வேற காப்பி இருக்கா? அது நல்லா இருந்தா எடுத்துத் தர்றேன்."

"காப்பி எடுக்க முடியாதபடிதாங்க பண்ணியிருந்தேன்."

"ஏன் சார், சினிமாப் படமா?"

"எங்க பையனோட காதுகுத்து."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மிச்சமிருந்த எல்லா சிடியையும் பொறுமையாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றில் மட்டும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தால் நிமிரவே இல்லை. "குணாகிட்ட ஒண்ணு இருக்குங்க" என்றாள். எது என்று கேட்டேன். "காதுகுத்துதான். அன்னிக்குப் பொங்கலுக்கு நீங்க போட்டீங்கல்ல, அப்ப அவன் எடுத்துக்கிட்டான். உங்ககிட்ட சொன்னா சண்டை வரும்னு சொல்லல." எத்தனை வருஷமாக இவளுக்குத் தெரியும்! என் பூட்டைத் தாண்டி அவன் எப்படி எடுத்தான் என்பது ஒருபக்கம் குடைந்தது. இத்தனை காலமும் அவனிடம் அது இருந்திருக்கிறது, அவன் நினைத்தபோதெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறான் என்பது மறுபக்கம் எரிந்தது. இப்போது என்னிடம் இல்லை, அவனிடம்தான் இருக்கிறது. உன் சின்ன வயதில் மிஞ்சியது மொத்தமும் அவன் வீட்டில் இருக்கிறது. அதை நான் போய்க் கையேந்தி வாங்கி வர வேண்டும்.

உன்னிடம் சிடி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். கேட்டால் நீ "பரவால்லப்பா" என்பாய், எனக்குத் தெரியும். அந்தப் "பரவால்லப்பா"வைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. தொட்டியத்துக்குப் போக நம்பர் ஒன் டோல்கேட்டில் நாமக்கல் பஸ் ஏறினேன். முசிறி வரைக்கும் உன் மாமாவை மனசுக்குள் கரித்துக் கொட்டிக்கொண்டே போனேன். அதற்கு அப்புறம் இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம்தான், அதையும் திட்டினேன்.

"வாங்க மச்சான். ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேன்ல?" என்று வாசலுக்கே வந்துவிட்டான். அவனுக்கும் முடி நரைத்துவிட்டது, முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறுகிறான். நான் உட்காராமலேயே விஷயத்தைச் சொன்னேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், சத்தியமா நான் உங்க சிடியத் தொடல."

"அப்புறம் எப்படி எடுத்தீங்க?"

"அன்னிக்கு என் கையில புதுசா ஒரு கேமரா இருந்துச்சுல்ல. அதை ஓட விட்டு ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டேன். நீங்க சிடியத்தானே பூட்டுனீங்க, டிவியப் பூட்டலியே."

எவ்வளவு சுலபமாகப் போயிற்று பார். அப்புறம் அதை எங்கேயோ கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறான், அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, மகள் போனில் ஒன்று என்று கண்ட இடத்திலெல்லாம் காப்பி. "போடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து கொஞ்சம் பக்கவாட்டில் எடுத்த கோணலான படம், கதிர். நம் பழைய கூடம், ஒரு ஓரத்தில் டிவி. டிவியில் சமயபுரம், உன் மாமா மடியில் நீ. ஆனால் டிவிக்கு முன்னால் ஒரு நாற்காலியின் முதுகும் ஒரு மண்டையும் தெரிந்தன. நிறைய கறுப்பு முடி இருந்த மண்டை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நான் என்று எனக்கே புரிந்தது. அந்த மண்டை டிவியில் உன் மாமாவின் முகத்தைச் சரியாக மறைத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே போய் உட்கார்ந்திருந்தால்கூட அவ்வளவு பொருத்தமாக மறைத்திருக்க முடியாது. உள்ளே டிவியில் ஆசாரி ஊசியை எடுத்தார், நீ வீறிட்டாய், என் குரல் "இங்க பாரு! அப்பாவப் பாருடா!" என்று கத்தியது. அப்போது கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்த நீ, பள்ளிக்கூடம் போகிற வயசு நீ, எழுந்து என் நாற்காலிக்கு வந்தாய்.

"யாருப்பா அது கத்துறது?"

"நான்தான்டா."

"நீங்க ஏன்ப்பா இதுல இல்ல?"

"நான்தானே எடுத்தேன்."

"அப்ப உங்கள யாரு எடுத்தா?"

"என்னை யாரும் எடுக்கலடா."

நீ கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம் நாற்காலியின் கைப்பிடியில் காலை வைத்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாய். என் இரண்டு கையையும் இழுத்து உன் வயிற்றில் கட்டிக்கொண்டாய். உள்ளே நீ மாமா மடியில் அழுதுகொண்டிருந்தாய். வெளியே என் மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். படம் முடிகிற வரைக்கும் இறங்கவே இல்லை. இது நடந்தது எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை, கதிர். அன்றைக்கு நான் முழுக்க உன் மாமாவின் முகம் சுருங்கியதைத்தான் ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ மடியில் இருந்ததை இந்தப் படத்தில்தான் தெரிந்துகொண்டேன். உன்னோடு நான் இருக்கிற ஒரே வீடியோ இதுதான். இதை என்னிடமிருந்து திருடி எடுத்தவன் உன் மாமா.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைக்கவில்லை. பக்கத்தில் பார்த்தால் அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். "இதை அடிக்கடி போட்டுப் பாப்பேன் மச்சான்" என்றான். உன்னை மடியில் வைத்திருந்ததைப் பார்க்கவா என்று கொஞ்சம் குத்தலாகவே கேட்டேன். "இல்ல மச்சான், அதுதான் நீங்க மறைச்சுட்டீங்களே. அவன் உங்க மடியில வந்து ஏறுவான் பாருங்க, அந்த எடம். காதுகுத்து அன்னிக்கு ஒரு நாள் எனக்கு அவனக் குடுத்தீங்க. நீங்க பஸ்ஸ விட்டு எறங்கி வந்தா தெனம் அவன் வீட்ல இருப்பான். நான் புல்லட்ட எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போறப்ப கொள்ளிடம் பாலம் தாண்டுற வரைக்கும் அதே நெனப்பா இருக்கும். வயித்தெரிச்சலா இருக்கும், பொய் சொல்லல" என்றான். இதைக் கேட்டு எனக்கு அவன் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான் என்று கேட்டபோது உச்சி குளிர்ந்துவிட்டது. அவன் வீட்டில் அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டேன். கிளம்பும்போது கூடத்துச் சுவரில் இருந்த அந்தப் போட்டோவை ஒரு தடவை பார்த்தேன். அது இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வந்திருந்தார். பேத்தியின் நாட்டிய அரங்கேற்றத்தைப் பென் டிரைவில் போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் போகிறாராம். காப்பி எடுக்காதபடி பூட்டுப் போட்டால் நல்லதா, செலவுக்குத் தகுமா என்று என்னிடம் யோசனை கேட்டார். விஷயம் தெரிந்தவன் மாதிரி நான், "தாராளமாப் போடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். தொட்டியத்திலிருந்து திரும்பி வருகிற வழியில் பஸ்ஸிலிருந்தே அவருக்குப் போன் பண்ணி, வேண்டவே வேண்டாம், கேட்கிறவர்களுக்கு மட்டுமில்லை, கேட்காதவர்களுக்கும் ஒன்று கொடுங்கள் என்றேன். பூட்டு யாரையும் தடுப்பதில்லை. எடுக்க நினைக்கிறவன் ஃபிரிட்ஜ் மேல் கேமராவை வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். வீட்டுப் படத்தை எவன் எடுத்து விற்கப் போகிறான்? ஆசையாகக் கேட்கிறவன்தான் கேட்கிறான். நாம் மறந்ததையும் தொலைத்ததையும் அவன்தான் பத்திரமாக வைத்திருக்கிறான். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு உன் மாமாதானா கிடைக்க வேண்டும் என்பதுதான் தாங்கவில்லை.

உனக்கும் ஒன்று சொல்கிறேன். சரண்யாவுக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். நிச்சயதார்த்தத்தில் பார்த்தேன், நல்ல பையன், வாய் நிறையச் சிரிக்கிறான். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அது அவன் மடியில்தான் உட்காரும், அவன் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் ஓடும். உனக்கு எரியும். என் பிள்ளை நீ, எரியாமல் இருக்காது. எரிந்தால் எரியட்டும், அதை மறைக்கக் கையில் எதையாவது தூக்கிக்கொண்டு கரையில் நின்றுவிடாதே. போனை யாரிடமாவது கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கு. படம் ஆடினால் ஆடட்டும், நனைந்தால் நனையட்டும். அந்த மச்சினன் ஒரு காப்பி கேட்டால் உடனே கொடு. அவன் கேட்கும் முன்னால் கொடுத்தால் இன்னும் நல்லது, உன் பெருந்தன்மையைப் பார்த்து அவனுக்கு எரியும்.

பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் அந்தப் பெரிய ஸ்க்ரீனில் இதையே போட்டுவிடு. கோணலாக இருக்கிறதே, நடுவில் ஒரு மண்டை தெரிகிறதே என்று வீடியோக்காரர் அதை வெட்டப் பார்ப்பார். வெட்ட விடாதே. கல்யாணத்தன்று உன் மாமா சீர்த்தட்டோடு மேளம் முழங்க வருவான், உனக்கு முதல் மாலை அவன்தான் போடுவான், அது அவன் உரிமை, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். முகம் கொஞ்சம் இறுகியிருந்தால் கண்டுகொள்ளாதே. அன்றைக்கு மட்டும் என் கையில் கேமராவையோ போனையோ யாரும் கொடுக்கக் கூடாது, இதைக் குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். குடும்பப் படம் எடுக்கும்போது வீடியோக்காரர், "எல்லாரும் இங்க பாருங்க" என்று கையைத் தூக்குவார். எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். உன் மாமா உன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்பான். அந்த நேரத்தில் நீ ஒரு தடவை திரும்பி என்னைப் பார். நான் கூப்பிடமாட்டேன், கதிர். நீயாகப் பார்க்க வேண்டும்.

அப்பா